வரையும் கைக்குப் பள்ளியில் இடம் வேண்டும்

ஒரு பொருள் அதைப் பயன்படுத்துவோரின் கைக்கும் கண்ணுக்கும் வருமானத்துக்கும் பொருந்துமாறு, அதன் உருவத்தையும் இயக்கத்தையும் முன்கூட்டியே ஆராய்ந்து தீர்மானிக்கும் துறை வடிவமைப்பு எனப்படுகிறது. நாற்காலியும் நகரப் பேருந்தும் கைப்பேசித் திரையும் புடவைக் கரையும் இத்துறைக்குள் அடங்கும். பிளஸ் டூ முடித்தவர்கள் இதில் இளநிலைப் பட்டம் படிக்க, அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் தேர்வும், மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வும், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் நிறுவனத்தின் தேர்வும் முதன்மையான வாயில்களாக உள்ளன. பார்க்கத் தெரிகிறதா, பார்த்ததை வரையத் தெரிகிறதா, வரைந்துகொண்டே சிந்திக்கத் தெரிகிறதா என்பவையே இத்தேர்வுகள் மாணவரிடம் எழுப்பும் அடிப்படைக் கேள்விகள். பள்ளிக்கூடம் இம்மூன்றையும் கற்பிக்கும் பொறுப்பைக் கைவிட்டுவிட்டதால், பிளஸ் டூ ஆண்டின் சில மாதங்களில் பணம் கட்டிப் பெறவேண்டிய சரக்காக அவை மாறிவிட்டன. ஆறாம் வகுப்பிலிருந்தே, முழுநேர ஓவிய ஆசிரியரின் துணையோடு, வாரந்தோறும் நடக்கும் பாடமாக வரைதலை மீட்பதே இதற்குத் தீர்வு. தமிழ்நாடு அரசு அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

இத்தேர்வுகள் கேட்கும் வரைதல் எத்தகையது என்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பெரும்பாலும் விளங்காமலேயே இருக்கிறது. அழகான படம் வரையும் பிள்ளைக்குப் பிறவியிலேயே கை அமைந்திருக்கிறது என்றும், மற்றவர்களுக்கு அது வாய்க்காது என்றும் நம்பும் வழக்கம் நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு சாதாரணச் செம்பை எடுத்துக்கொண்டால் இந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பது தெரியும். செம்பின் வாய் உண்மையில் வட்டம். ஆனால் கண்ணின் மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கும்போது அது ஒரு கோடாகவே தோன்றும், தரையில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கும்போது ஏறக்குறைய முழு வட்டமாகும், இடைப்பட்ட உயரங்களில் எல்லாம் நீள்வட்டமாக இருக்கும். மேசைமேல் இருக்கும் செம்பை வரையச் சொன்னால், பழகாத கை வாயை நீள்வட்டமாகவும் அடிப்பகுதியை நேர்கோடாகவும் வரைந்துவிடும். செம்பு தட்டையான பரப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று மனம் அறிந்து வைத்திருப்பதே அதற்குக் காரணம். வாயைவிட அடிப்பகுதி கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக உருண்டு தெரியும் என்பதே கண் சொல்லும் உண்மை. அறிந்ததை வரையும் கை, காண்பதை வரையும் கையாக மாறும் இந்த நகர்வுக்குப் பிறவி வரம் எதுவும் தேவைப்படுவதில்லை. சில நூறு செம்புகளும் டம்ளர்களும் வாளிகளும் போதும்.

பெர்ஸ்பெக்டிவ் என்று ஓவிய ஆசிரியர்கள் சொல்லும் தூரத் தோற்ற விதியும் இதைப் போன்றதே. இணையாக ஓடும் தண்டவாளங்கள் தொலைவில் ஒரே புள்ளியில் சேர்வதாகத் தோன்றுவதும், அந்த மறையும் புள்ளி பார்ப்பவரின் கண்மட்டக் கோட்டிலேயே அமைவதும், பார்ப்பவர் நின்றால் ஒரு காட்சியும் உட்கார்ந்தால் வேறொரு காட்சியும் கிடைப்பதும் சமதள நிலத்தில் எவரும் சோதித்து அறியக்கூடிய வடிவியல் உண்மைகள். மனித உருவத்திலும் அளவு உண்டு: வளர்ந்தவரின் உயரம் அவருடைய தலையைப் போல் ஏழு முதல் எட்டு மடங்கு இருக்க, கைக்குழந்தையின் உயரம் ஏறக்குறைய நான்கு தலை அளவே இருக்கும். இதைக் கவனிக்காத மாணவர் குழந்தையை வரைய முயன்று, சுருங்கிப்போன பெரியவர் ஒருவரை வரைந்து வைப்பார். இவற்றையெல்லாம் சூத்திரமாகச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதுமென்றாலும், சந்தையில் கூடை சுமந்து நடப்பவரை இரண்டு நிமிடத்தில் காகிதத்தில் பிடிக்கும் அளவுக்கு அவை கையில் ஊறுவதற்கு ஆண்டுகள் ஆகும்.

தேர்வுகளின் மறுபாதி, சிக்கல்களைத் தீர்க்கும் திறன். அதில் ஒரு வகை, இடவுணர்வு சார்ந்தது: மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும், துண்டு துண்டாகச் செதுக்கிய ஒரு கட்டைக்கு மொத்தம் எத்தனை பரப்புகள், ஒன்றோடொன்று பிணைந்த பற்சக்கரங்களில் கடைசிச் சக்கரம் எந்தப் பக்கம் சுழலும் என்பன போன்ற வினாக்கள். இன்னொரு வகையே வடிவமைப்பின் உயிர். நியாயவிலைக் கடையில் 20 கிலோ அரிசி வாங்கும் மூதாட்டி அதை வீடுவரை கொண்டுசெல்ல ஒரு சாதனத்தை உருவாக்குக என்று ஒரு வினா வருவதாகக் கொள்ளலாம். பழகாத மாணவர் உடனே சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை வரைந்து, அதில் பேட்டரியும் பொத்தானும் சேர்த்து, பெயரும் சூட்டிவிடுவார். பழகியவர் முதலில் கேள்விகளை அடுக்குவார்: மூதாட்டியின் கை எவ்வளவு பிடிக்கும், வழி மண்ணா தாரா, வாசலில் எத்தனை படி, அரிசி இல்லாத மற்ற நாள்களில் அந்தச் சாதனம் எங்கே கிடக்கும், அறுந்தால் தெருமுனைத் தையற்காரர் அதைத் தைத்துக் கொடுக்க முடியுமா. அதன்பின் கட்டைவிரல் அளவுள்ள சிறு கோட்டுப் படங்களாக ஏழெட்டு வழிகளை விரைந்து வரைந்து, ஒவ்வொன்றின் குறையையும் பக்கத்திலேயே குறித்து, ஒன்றைத் தேர்ந்து விரிவாக்குவார். அச்சிறு படங்கள் சிந்தனையின் சுவடுகள் என்பதாலேயே, வரைதலும் சிக்கல் தீர்த்தலும் இரண்டு தனிப் பயிற்சிகள் என்று பிரித்துக் கற்பிப்பது தவறாகிறது.

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி தோன்றிய கதையே இதற்குச் சான்று. இந்திய அரசின் அழைப்பின்பேரில் நாட்டைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958 இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961 இல் அகமதாபாத்தில் எழுந்ததே தேசிய வடிவமைப்பு நிறுவனம். இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாக அவ்வறிக்கை முன்வைத்தது, வட இந்தியாவில் லோட்டா என்று வழங்கும் எளிய செம்பைத்தான். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்தக் கைகள் அதைத் தூக்கும், தலையிலா இடுப்பிலா சுமப்பார்கள், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் அதன் நிலைப்பு எப்படி, ஊற்றும்போது நீர் எப்படி விழும், என்ன விலை ஆகும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், இத்தனை கேள்விகளுக்கும் விடையாக நிற்கும் அப்பொருளைத் தனி ஒருவர் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செதுக்கினர் என்று அது காட்டியது. ஒரு நாட்டின் வடிவமைப்புக் கல்விக்கு அடிக்கல்லாக அமைந்த ஆவணம், அடுப்படியில் கிடக்கும் பாத்திரத்தின்முன் உட்கார்ந்து கேள்வி கேட்பதைத் தன் வழிமுறையாகக் கொண்டது என்பதைப் பயிற்சி தருவோர் அனைவரும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த வழிமுறைக்கு நேர் எதிரானது அவசரப் பயிற்சி. மழையில் பேருந்து நிறுத்தம், ரயில் நிலைய நடைமேடை, திருவிழாக் கடைத்தெரு என்று சில காட்சிகளை முன்கூட்டியே வடித்து, அவற்றில் நிற்கும் மனித உருவங்களையும் ஒரே அச்சில் வார்த்து, எந்த வினா வந்தாலும் அவற்றுள் ஒன்றைச் சற்றே திருத்திப் போடுமாறு பழக்குவது குறுகிய காலத்தில் மதிப்பெண் தரும் வழியாகக் கருதப்படுகிறது. ஆசிரியர்கள் தீய நோக்கத்தால் இப்படிச் செய்வதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் நடக்க வேண்டியதை ஐந்தாறு மாதங்களில் நடத்தச் சொன்னால் எவரும் வேறு வழி காண்பது கடினம். ஆனால் விளைவு கொடியது. சொந்தமாக ஒரு தெருவை நின்று பார்த்திராத மாணவர், தம் கண்ணை நம்பக் கூடாது என்ற பாடத்தோடு தேர்வறைக்குள் நுழைகிறார். யூசீட் தேர்வு 2015 இல் தொடங்கியபோது முழுக்கக் கணினித் திரையிலேயே நடந்தது. பின்னர் கையால் வரையும் பகுதி சேர்க்கப்பட்டு, இப்போது மொத்தமுள்ள 300 மதிப்பெண்ணில் 100 அப்பகுதிக்கு உரியதாகியுள்ளது. கைக்குத் தேர்வு இடம் கொடுத்திருக்கிறது. பள்ளிதான் இன்னும் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் இத்துறைக்கான முதலீடு இல்லாமல் இல்லை. வாசலில் புள்ளி வைத்து, எடுத்த கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்வரை சிக்குக் கோலத்தை இழுக்கும் பெண், வளைவுகளின் சமச்சீரையும் திருப்பங்களின் வரிசையையும் மனத்திரையில் முன்னதாகவே ஓட்டிப் பார்க்கிறார். இந்தக் கோலங்களின் இலக்கணத்தைச் சென்னையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய ஆய்வாளர்கள் 1970களில் கணினி அறிவியலின் உருவ மொழிக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்து ஆராய்ந்தனர். கணிப்பொறியியல் மதித்த அந்த அறிவை, இடவுணர்வு வினாக்களுக்கான பயிற்சியாகப் பள்ளி மதிக்கவில்லை. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு மரத்தின் இழையோட்டமும், நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பாவும் ஊடையும், குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரத்தில் எழும் வளைவும் பழக்கமானவை. வடிவமைப்புக் கல்லூரியில் பின்னாளில் கற்பிக்கப்படும் செய்பொருள் அறிவின் முதல் பாடங்கள் இவை. வீட்டிலிருந்து வரும் இந்த அறிவைக் காகிதத்தில் இறக்கிவைக்கக் கற்றுத்தரும் இணைப்புப் பாலம் ஒன்றுதான் இல்லை.

அது இல்லாமற்போனதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குக் கலைக் கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களைப் பரிந்துரைக்கிறது. அதையொட்டி 2012 இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பேர் பணியமர்த்தப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்பது அவர்களுக்கு அப்போது வகுக்கப்பட்ட ஏற்பாடு. ஊதியம் அதன்பின் உயர்த்தப்பட்டாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. மூன்று அரை நாளில் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய ஓர் ஓவிய ஆசிரியர், ஒரு மாணவரின் கோடு மாதத்துக்கு மாதம் எப்படித் தெளிகிறது என்று தொடர்ந்து கவனிப்பது நடவாத காரியம். ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கமும், தேர்வு நெருங்கும் மாதங்களில் அது கால அட்டவணையிலிருந்தே மறைந்துபோகும் வழக்கமும் எல்லோருக்கும் தெரிந்தவை. 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி இன்றும் சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கும் மாநிலத்தில் இந்த நிலை நீடிப்பது வேதனைக்குரியது. மகாராஷ்டிரத்தில் அம்மாநிலக் கலை இயக்ககம் பள்ளி மாணவருக்கு இரு நிலைகளில் ஓவியத் தேர்வு நடத்துகிறது. அதில் தேறியவர்க்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது. ஓவியத்தில் செலவிட்ட நேரம் வீணாகாது என்று ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு உறுதியளிக்கும் எளிய ஏற்பாடு அது; தமிழ்நாடு தயங்காமல் பின்பற்றலாம்.

மொழி இன்னொரு தடை. யூசீட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுகிறது. கணினியில் எழுதும் முதற்பகுதியில் தகுதி மதிப்பெண் பெற்றவர்களின் வரைபடங்கள் மட்டுமே திருத்தப்படுகின்றன. அரிசி மூட்டைச் சிக்கலுக்கு மிக நேர்த்தியான விடையை வரையக்கூடிய ஒரு தமிழ்வழி மாணவர், நீண்ட ஆங்கில வினாக்களைப் படித்து முடிப்பதில் பின்தங்கினால், அவர் வரைந்த தாளை எவரும் பார்க்கப்போவதில்லை. பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கும்போது, மொழியைவிடக் கண்ணையும் கையையும் அளக்கவேண்டிய ஒரு தேர்வு ஒரே மொழியில் நடப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை. மாநில அரசு இதை ஒன்றிய அரசிடம் எழுத்து மூலம் வலியுறுத்த வேண்டும்.

2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுதலும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் தரப்படும்போது, தனியாக ஓவிய வகுப்பு எதற்கு என்று கேட்கப்படலாம். அத்திட்டம் வரவேற்கத்தக்கது, இப்படியொரு துறை இருப்பதே தெரியாத பிள்ளைகளுக்கு அது கதவைக் காட்டுகிறது. ஆயினும் பதினேழு வயதில் முதன்முறையாகக் கையில் 4பி பென்சிலைப் பிடிக்கும் மாணவரும், பதினோரு வயது முதல் வரைந்துவரும் நகரத்து மாணவரும் ஒரே அறையில் ஒரே மணி நேரத்துக்குள் போட்டியிடும்போது, இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை எந்தச் சிறப்பு வகுப்பும் ஈடுசெய்துவிடாது. நிதிச்சுமை என்ற மறுப்புக்கும் பெரிய வலு இல்லை. அறிவியல் பாடத்துக்கு ஆய்வகம் வேண்டும், கணினிப் பாடத்துக்கு இயந்திரங்கள் வேண்டும். வரைதலுக்கு ஆசிரியரின் ஊதியம் போக வேண்டியவை மிகக் குறைவு. பகுதிநேரப் பணியிடங்களில் இருக்கும் தகுதியுள்ள ஓவிய ஆசிரியர்களை முழுநேரமாக்கி, வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை எவரும் கடன் வாங்க முடியாதபடி அட்டவணையில் உறுதிசெய்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு ஒரு கோடில்லாத நோட்டும் சில பென்சில்களும் பாடநூலோடு சேர்த்து வழங்க வேண்டும். வரைவதற்கான பொருளை மாணவர்களே வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள்: ஒருவர் செம்பு, ஒருவர் அரிவாள்மனை, ஒருவர் தாத்தாவின் மூக்குக் கண்ணாடி.