கொண்டாட்டம் என்னும் ஒரே சொல்

செலிபரேட் என்னும் ஆங்கில வினை நம் வீடுகளில் நாவுக்குப் பழகிவிட்டது. அதற்கு நேராகக் 'கொண்டாடு' என்று அகராதி தந்ததுதான் தாமதம், மற்ற வினைகளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டோம். ரமலானைக் கொண்டாடுகிறோமாம். ஹிஜ்ரி 61இல் கர்பலாவின் இரத்தம் சிந்திய முஹர்ரத்தையும் கொண்டாடுகிறோமாம். நாளிதழ்கள் அப்படி எழுதினால் அறியாமை என்று விட்டுவிடலாம். நம்மவர் அச்சிடும் அழைப்பிதழ்களிலும் அதே சொல் ஏறிவிட்ட பிறகு எப்படி விடுவது?

ஏர்வாடிக்கு வாருங்கள். துல்கஃதா மாதத்தில் அங்கே கொடி ஏற்றுகிறார்கள், மவ்லிது ஓதுகிறார்கள், சந்தனக்கூடு எடுக்கிறார்கள், மக்பராவில் சந்தனம் பூசுகிறார்கள், நேர்ச்சை செலுத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை; ஒவ்வொரு வினைக்கும் அதைச் செய்யும் ஒரு கை. (இவை கூடுமா, கூடாதா என்பது வேறு வழக்கு, அதை இங்கே இழுக்கவில்லை.) அங்கே அடங்கியிருப்பவர் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது. ஷஹீது என்று பெயரிலேயே உயிர்த்தியாகத்தைச் சுமப்பவரின் நாள் அது. அரபியில் திருமணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே உரூஸ். மரணத்தைத் திருமணமாகக் கண்ட ஒரு மரபின் துக்கமும் மகிழ்ச்சியும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்திருக்கின்றன. அதைக் 'கொண்டாட்டம்' என்று பெயர்த்தால் மிஞ்சுவது வாணவேடிக்கைதான்.

ஆங்கிலத்தின் மீதும் முழுப் பழியைப் போட இயலாது. அவ்வினைக்கு மூலமான இலத்தீன் சொல், மக்கள் திரண்டு கூடுவதைக் குறித்தது. கத்தோலிக்கப் பாதிரியார் பூசை நிறைவேற்றுவதையும் ஆங்கிலத்தார் இன்றுவரை அதே வினையால்தான் சொல்கிறார்கள். அங்கே கேக்கும் இல்லை, கூச்சலும் இல்லை. கடன் வாங்கிய நாம் கேக்கை மட்டும் வாங்கி வந்தோம். நம் 'கொண்டாடு' மட்டும் எளிய சொல்லா? பாராட்டுவதையும் அது குறிக்கும். உறவு கொண்டாடுகிறோம், உரிமை கொண்டாடுகிறோம். பெருநாளைக் கொண்டாடுங்கள், யார் தடுத்தார்? ஆனால் தொழுகைக்கு முன்பே ஃபித்ராவைக் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதும் தொழுவதும் 'கொண்டாடினோம்' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. புத்தாடையும் பிரியாணியுமே வெளியே தெரிகின்றன.

ஏர்வாடிக்கு இன்னொரு நாளும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6. மனநலம் குன்றியோரை வைத்திருந்த விடுதி ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடவும் இயலவில்லை. குணம் வேண்டி அவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். அந்நாளுக்கு எந்த வினையை வைப்பீர்கள்? 'அனுசரிக்கப்பட்டது' என்று எழுதுவார்கள், இரத்தமற்ற சொல். அழலாம், பெயர் சொல்லி நினைக்கலாம், துஆ கேட்கலாம், இன்று அத்தகையோர் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கலாம். நம் தமிழில் இவற்றுக்கெல்லாம் வினைகள் இருக்கின்றன.

அடுத்த ஆண்டு அழைப்பிதழ் அச்சிடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: 'சந்தனக்கூடு எடுக்கப்படும்' என்றே போடுங்கள். பிள்ளைகளிடம் 'ரமலானை எப்படிக் கொண்டாடினாய்?' என்று கேட்காமல், 'எத்தனை நோன்பு நோற்றாய்?' என்று கேளுங்கள்.