அஞ்சியோர் அளித்த வாக்கு!

படித்த நாடு, பாட்டும் இசையும் பழுத்த நாடு. கதே கவி புனைந்த நாடு. பீத்தோவன் பிறந்த நாடு. ஐன்ஸ்டீன் ஆய்வு நடத்திய நாடு. அந்த ஜெர்மனி, இட்லரின் கட்சிக்கு வாக்குகளை வாரி வழங்கியது ஏன்?

தோழரே, இக்கேள்வி எழுந்ததும் இரண்டு விடைகள் நாவின் நுனிக்கு வந்துவிடும். ஒன்று, வெர்சேல்ஸ் உடன்படிக்கை தந்த அவமானம். மற்றொன்று, வயிற்றுப் பசி. இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் போதா!

உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. ஈட்டுத்தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று 1921இல் கணக்கெழுதினர். 1923 நவம்பரில் ஒரு டாலரின் விலை 4,20,000 கோடி மார்க்! ஆயுளெல்லாம் சேர்த்த பணம் ஒரு ரொட்டிக்கும் உதவவில்லை. அவமானம் இருந்தது, அழிவும் இருந்தது. 1924இல் அந்தச் சினம் சற்றே தலைதூக்கியது, பிறகு அடங்கிற்று. 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது என்ன? நூற்றுக்கு 2.6 வாக்கு, வெறும் 12 இடங்கள்!

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கக் கடனை நம்பியிருந்த ஜெர்மன் ஆலைகள் மூடப்பட்டன. 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 இலட்சம். ‘அப்படியானால் பசிதானே காரணம்?’ என்பீர்கள். பொறுங்கள். வேலையிழந்த ஆலைத் தொழிலாளி பெரிதும் நாடியது பொதுவுடைமைக் கட்சியை. இட்லருக்குக் கோட்டையாக நின்றவை புராட்டஸ்டண்டுக் கிராமங்களும் சிற்றூர்க் கடைவீதிகளும். உழவர் நிறைந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் 1932 ஜூலையில் நூற்றுக்கு 51 வாக்குகளை அவருக்கு அளித்தது. அவ்வுழவனிடம் நிலம் இருந்தது. விளைபொருளின் விலை வீழ்ந்தது, கடன் ஏறியது, அந்த நிலம் ஏலத்துக்குப் போய்விடுமோ என்ற கலக்கம் அவனைத் தின்றது.

அடிப்படியில் கிடப்பவன் ஆத்திரப்படுகிறான். நடுப்படியில் நிற்பவன் நடுங்குகிறான். நடுங்குபவன் கை எதையும் பற்றும்!

சிற்றூர்க் கடைக்காரர் ஒருவரைக் கண்முன் நிறுத்துங்கள். 1923இல் சேமிப்புப் போயிற்று. 1931இல் வங்கிகள் கதவடைத்தன. இனிக் கடையும் போனால்? முறையிடச் சென்றால், பாராளுமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது?

வேலையற்றோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு செலுத்துவது என்ற வழக்கில் 1930 மார்ச்சில் கூட்டணி அரசு உடைந்தது. அடுத்து வந்தவர் புரூனிங். சம்பளத்தை வெட்டினார், வரியைக் கூட்டினார். அவருடைய அவசரச் சட்டத்தை மன்றம் மறுத்தது, மன்றமே கலைக்கப்பட்டது! செப்டம்பர் தேர்தலில் நாஜிகளின் 12 இடங்கள் 107 ஆயின. 1932இல் மன்றம் கூடியது 13 நாட்கள். இயற்றிய சட்டங்கள் 5. குடியரசுத் தலைவர் பிறப்பித்த அவசரச் சட்டங்களோ 66! மன்றத்தை ஆள்வோரே மதிக்காதபோது, வாக்காளன் மட்டும் மதிப்பானா? அவ்வாண்டு ஜூலையில் 608 இடங்களில் நாஜிகளுக்கு 230, பொதுவுடைமையருக்கு 89. மக்களாட்சி மன்றத்தையே ஏற்காத இரு முனைகளும் பாதியைத் தாண்டிவிட்டன!

மன்றம் கைவிட்ட மக்களின் வாயிலில்தான் இட்லரின் தொண்டர்கள் வந்து நின்றார்கள். உழவனுக்கு விலை, தொழிலாளிக்கு வேலை, முதலாளிக்கு ஒழுங்கு, இளைஞனுக்குச் சீருடை! ஒன்றோடொன்று பொருந்துமா என்று எவரும் கேட்கவில்லை. அத்தனை துன்பத்துக்கும் ஒரே குற்றவாளியையும் காட்டினார்கள்: மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத யூதர்! அச்சத்திற்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. வெறுப்பு அதை எழுதிக் கொடுத்தது.

வாக்களித்தோர் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. அந்த வெறுப்பு மறைவில் விற்கப்படவில்லை, மேடைதோறும் முழங்கியது. கேட்டவர்கள் சிலர் மகிழ்ந்தார்கள். பலர் ‘அது கிடக்கட்டும்’ என்று கடந்தார்கள். அச்சம் காரணம் ஆகலாம், மன்னிப்பு ஆகாது.

எனினும், ஜெர்மன் மக்களில் பெரும்பான்மையோர் சுதந்திரமான தேர்தலில் இட்லரை ஒருபோதும் தேர்ந்தெடுக்கவில்லை. 1932 நவம்பரில் நாஜிகள் 196 இடங்களுக்குச் சரிந்தார்கள். சரிந்தவரை 1933 சனவரி 30இல் தூக்கி நிறுத்தினார் ஹிண்டன்பர்க். பின்னணியில் இருந்து காய் நகர்த்தினார் பாப்பன். அடக்கிவைத்து ஆட்டலாம் என்று எண்ணினார்கள். மார்ச் 23இல் மன்றம் தன் அதிகாரத்தைத் தானே தாரை வார்த்தது: ஆதரவு 444, எதிர்ப்பு 94. பொதுவுடைமை உறுப்பினர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தனர். எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

தோழரே, நானும் மேடை ஏறுபவன். விளக்கிப் பேசினால் கூட்டம் கேட்கிறது. வைது பேசினால் கைதட்டுகிறது. அக்கைதட்டலின் போதையை நான் அறிவேன். அதனால்தான் இவ்வரலாறு எனக்கு அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. நடுங்குகின்ற மனிதனின் வாயிலுக்கு முதலில் செல்பவர் யார், விடையோடு செல்கிறாரா, வெறுப்போடு செல்கிறாரா? குடியரசின் உயிர் அதில் இருக்கிறது. நாம் செல்லத் தவறினால், அந்தக் கதவு திறந்தே கிடக்கும், வேறொருவன் நுழைவான்!