காப்பி-பேஸ்ட் கோடிங்: கண்டுபிடிக்க கருவி இருக்கு, முடிவெடுக்க?

டெட்லைன் நெருங்குது. பக்கத்து ஃபைலில் கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய வரிகளே இருக்கு. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, ரெண்டு பெயரை மாத்தினா வேலை முடிஞ்சுது. ஐடி-யில் இருப்பவர் யாராவது ‘நான் இதைச் செஞ்சதே இல்லை’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சிக்கலே, மாற்ற மறந்துபோன மூன்றாவது பெயரில்தான். லினக்ஸ் கெர்னலிலேயே இது நடந்திருக்கிறது. ஸ்பார்க் கணினிகளுக்கான பகுதியில், நினைவகப் பட்டியலை நிரப்பும் ஒரு லூப்பை யாரோ காப்பி செய்து, அடுத்த பட்டியலுக்கு ஏற்பப் பெயர் மாற்றியிருக்கிறார். ஓர் இடத்தில் மட்டும் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது. கம்பைலர் மூச்சுவிடவில்லை. அதன் பார்வையில் எல்லாம் சரிதானே!

இதைப் பிடித்தது, இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய சிபி-மைனர் என்ற கருவி. 2004-ல் வெளியான அவர்களது ஆய்வின்படி, 20 நிமிடத்துக்குள் லினக்ஸில் 1,90,000 காப்பித் துண்டுகளை அது கண்டுபிடித்தது. காப்பி-பேஸ்ட்டால் வந்த 28 பிழைகளும் சிக்கின. ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் அது ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டு, ஒரே எண்வரிசை எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று தேடும். நடுவில் ஒன்றிரண்டு வரி செருகியிருந்தாலும் தப்ப முடியாது. பிறகு பெயர்களை ஒப்பிடும். நாலு இடத்தில் மாறிய பெயர் ஐந்தாவதில் மட்டும் மாறவில்லை என்றால், சந்தேகம்தான்.

இன்று பிஎம்டி-யின் சிபிடி, சோனார்கியூப் என நகல் நிரலைக் காட்டும் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவை தரும் ‘டூப்ளிகேஷன் சதவீத’த்தையே டார்கெட் ஆக்கிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். சதவீதம் குறையணும் என்பதற்காக, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எதையும் ஒன்றாக்கிவிடுகிறோம். டெலிவரி கட்டணமும் ரீஃபண்ட் பிடித்தமும் இன்று ஒரே கணக்காக இருக்கலாம். நாளைக்கு ஒன்று மட்டும் மாறும். உடனே உள்ளே ஒரு ‘இஃப்’. அடுத்த மாதம் இன்னொன்று. கடைசியில் அந்த ஃபங்ஷனைத் தொடவே ஒருத்தருக்கும் தைரியம் வராது.

ஆகவே ரீஃபேக்டர் செய்யும் முன் ஒரே கேள்வி: இதில் மாற்றம் வந்தால் அதிலும் வந்தே தீருமா? கிட் ஹிஸ்டரியைப் பாருங்கள். இரண்டும் எப்போதும் சேர்ந்தே திருத்தப்பட்டிருந்தால், தாராளமாக ஒன்றாக்கலாம். ஒரு நகலில் சரிசெய்த பிழை மற்றதில் இன்னும் அப்படியே கிடக்கிறதா? சதவீதம் கிடக்கட்டும், முதலில் அதைத் திருத்துங்கள்.