கண்ணோட்டத்திற்கும் ஒற்றாடலுக்கும் இடையே

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 58ஆம் அதிகாரமாகக் கண்ணோட்டத்தையும், அதனை அடுத்து 59ஆம் அதிகாரமாக ஒற்றாடலையும் அமைத்துள்ளார். முன்னது பிறர்பால் இரக்கம் கொள்ளுதல். பின்னது பிறர் செயலை மறைந்திருந்து அறிதல். ஆள்வோர்க்கு இரண்டும் வேண்டும் என்பது வள்ளுவர் துணிபு. எனினும் பண்டை அரசன் ஒற்றுக்குத் தனியே ஆள் வைத்திருந்தான். இவ்விரு சுமைகளையும் ஒரே மனிதரின் தோளில் ஏற்றிவைத்த பணி ஒன்று இன்று நம்மிடையே உண்டு. அதுவே நன்னடத்தை அலுவலர் பணி.

இப்பணியின் தோற்றம் உயரியது. 1841இல் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணித் தொழிலாளி, குடிகாரர் ஒருவரைத் தம் பொறுப்பில் விடுவிக்குமாறு நீதிமன்றத்தில் வேண்டினார். அந்த மனிதர் திருந்தினார். பின்னர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 1,900 பேருக்கு அவர் பிணை நின்றார். சென்னை மாகாணம் இக்கருத்தை ஏற்று 1936இலேயே சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இல் வந்தது. பரோல் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் 'வாக்கு' என்பதே பொருள். சிறைப்பட்டவன் தரும் வாக்கை நம்பிக் கதவைத் திறப்பதே அதன் உட்கருத்து. ஆனால் அவ்வாக்குக் காக்கப்படுகிறதா என்று பார்ப்பவர் யார்?

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பரோல் அலுவலர் கைது செய்யவும் துப்பாக்கி ஏந்தவும் அதிகாரம் பெற்றவர். நம் அலுவலருக்கோ பேனாவும் பொறுமையுமே கருவிகள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் இல்லச் சூழலை விசாரித்து நீதிமன்றத்திற்கு அறிக்கை தருதல், விடுவிக்கப்பட்டவரைக் கண்காணித்தல், அவருக்கு ஏற்ற வேலை தேடித் தர முயலுதல் என 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அவர் கடமைகளை அடுக்குகிறது. 21 வயதுக்குட்பட்டோரைச் சிறைக்கு அனுப்புமுன் அவருடைய அறிக்கையை நீதிமன்றம் கேட்டல் வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. தமிழகத்தில் தண்டனைக் கைதி விடுப்புக் கோரும்போது அவருடைய ஊருக்குச் சென்று விசாரிப்பதும் இவரே. ஓர் இளைஞனின் எதிர்காலம் இவர் எழுதும் சில பக்கங்களில் அடங்கியுள்ளது என்பது மிகையன்று.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பணியில் உள்ளார். ஒருநாள் துறைக்கு வந்தவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர்க் கூறினார்: "ஐயா, திருட்டு வழக்கில் விடுவிக்கப்பட்ட ஒரு பையனுக்குப் பட்டறையில் வேலை வாங்கித் தந்தேன். மாதந்தோறும் சென்று பார்த்தேன். நான் யார் என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரமே முதலாளி அவனை நிறுத்திவிட்டார். காக்கச் சென்ற நானே அவனைக் காட்டிக் கொடுத்தவன் ஆனேன்."

அவருடைய துயரம் வேலைப்பளுவால் மட்டும் வந்ததன்று. போகாவிட்டால் கடமை தவறியவர். போனால் பையனின் பிழைப்பைக் கெடுத்தவர். பையனுக்கு அவர் அரசின் ஒற்றர். காவலருக்கோ குற்றவாளிக்குப் பரிந்து பேசுபவர். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கண்ணீரையும் கேட்டு, பாதிப்பு விளைத்தவனின் தாய் வடிக்கும் கண்ணீரையும் கேட்டு, இரவு வீடு திரும்பித் தம் குழந்தைகளோடு சிரித்துப் பேச வேண்டும். பத்துப் பேர் திருந்தினால் அச்செய்தி எங்கும் வாராது. ஒருவன் மீண்டும் தவறிழைத்தால், "பரிந்துரைத்தவர் யார்?" என்னும் வினா எழும். அவ்வச்சம் மனத்தில் குடியேறின், அடுத்த அறிக்கையை எழுதும் கை நடுங்கும். விடுதலைக்கு உரியவனும் சிறைக்குச் செல்வான். ஆதலின் அலுவலரின் மன உளைச்சலை அவருடைய சொந்தத் துன்பம் என்று ஒதுக்குதல் தகாது. அது நீதியையே கோணச் செய்யும்.

"அரசுப் பணியில் யாருக்குத்தான் சுமையில்லை?" என வினவுவோர் உளர். உண்மையே. ஆயின் கோப்பு தேங்கினால் காரியம் தாமதமாகும். இங்கு ஆராயாது எழுதும் ஒரு வரி ஒருவனின் வாழ்வையே மாற்றிவிடும். ஆராயாத் தீர்ப்பு என்ன செய்யும் என்பதைச் சிலம்பு கற்ற நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

செய்யத்தக்கவை யாவை? ஓர் அலுவலர் ஏற்கத்தக்க வழக்குகளுக்கு வரம்பு வேண்டும். ஊர் ஊராகச் செல்வதற்குரிய செலவு காலத்தே கிடைத்தல் வேண்டும். கண்காணிக்கப்படுபவரின் மானம் காக்கும் வகையில், வேலையிடத்திற்குச் செல்லாது பொது இடத்தில் சந்திக்கும் உரிமை அலுவலருக்கு வேண்டும். நேர்மையாக ஆராய்ந்து தந்த பரிந்துரை பொய்த்துப்போனால் அதனைக் குற்றமாகக் கருதாத நெறி வேண்டும். உளச்சோர்வுற்றால் மனம்விட்டுப் பேச வல்லுநர் துணையும் வேண்டும். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சில சிறு குற்றங்களுக்குச் சமூகத் தொண்டைத் தண்டனையாக விதிக்கிறது. வரவேற்கத்தக்கதே; ஆனால் அதனைக் கண்காணிக்கவும் மனிதர் வேண்டுமன்றோ?

குற்றவாளியையும் மனிதனாக நோக்கும் சட்டம் நம்மிடம் உள்ளது. அச்சட்டத்தைச் சுமந்து தெருத்தெருவாக நடப்பவரையும் மனிதராக நோக்குவோம். கண்ணோட்டம் அவருக்கும் உரியதே.