உப்பும் சர்க்கரையும் உயிரணுவும்

உயிரியலின் தொடக்கப் பாடங்களை நடத்தும் முறையில் நெடுங்காலமாகவே ஒரு பிளவு இருந்து வருகிறது. அணு, அயனி, கரைசல், நீரின் தன்மை ஆகியவை இரசாயனப் பாடத்தில் ஒருபுறம் நிற்கின்றன. உயிரணுவின் படம் மற்றொருபுறம் நிற்கின்றது. மாணவர் முன்னதை மனப்பாடம் செய்கின்றனர். பின்னதை வரைந்து பெயர்களைக் குறிக்கின்றனர். இரசாயன விதிகள் செயற்படும் இடமே உயிரணு என்னும் உண்மை இரண்டிற்கும் நடுவே நழுவிவிடுகிறது. இதனால் விளையும் இழப்பு தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதன்று. வயிற்றுப்போக்கிற்குத் தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலே இதற்குத் தக்க சான்றாகும்.

வெறும் நீர் போதாதா, உப்பு எதற்கு, சர்க்கரை எதற்கு, சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால் மேலும் நன்மை உண்டாகாதா என்று குழந்தையின் தாய் கேட்கக்கூடும். இவ்வினாக்களுக்கான விடை முழுவதும் தொடக்கப் பாடத்திலேயே அடங்கியுள்ளது.

நீரின் மூலக்கூறில் ஆக்சிஜன் உள்ள பக்கம் சிறிதளவு எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் உள்ள பக்கம் சிறிதளவு நேர்மின் தன்மையும் உடையவை. ஆதலின் உப்பு நீரில் கரையும்போது சோடியம் அயனியையும் குளோரைடு அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வோ இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அதன் நடுப்பகுதி நீரோடு சேராதது. நீரால் சூழப்பட்ட அயனி அதனை ஊடுருவ இயலாது. புரதத்தாலான வாயில் ஒன்று தேவைப்படுகிறது. சிறுகுடலின் உயிரணுக்களில் உள்ள அத்தகைய வாயில்களுள் ஒன்று, சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே விடுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயனிகள் செல்கின்றன. சோடியம் செல்லும் திசையில் சவ்வூடு பரவலால் நீரும் செல்கிறது. சோடியமும் குளுக்கோஸும் இவ்வாறு இணைந்து செல்லும் என்னும் கருத்தை 1960-இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் வெளியிட்டார்.

காலரா நோயில் நிகழ்வது என்ன? அக்கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே நோய்க்குக் காரணம் என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-இல் மெய்ப்பித்தார். அந்நச்சினால் குடலின் உயிரணுக்களிலிருந்து குளோரைடு பெருகி வெளியேறுகிறது. சோடியமும் நீரும் அதனைத் தொடர்கின்றன. எனினும் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் வாயில் கெடுவதில்லை. நோயின் உச்சத்திலும் திறந்திருக்கும் அவ்வழியே உயிரைக் காக்கும் வழியாயிற்று.

1971-இல் வங்காள அகதிகள் பெருந்திரளாக வந்து தங்கிய பங்காவ்ன் நகரில் காலரா பரவியபோது, நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீர் போதாமற் போயிற்று. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றைப் பொட்டலங்களாக்கி, நீரிற் கரைத்துப் பருகத் தந்தார். உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டினர். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் சிகிச்சை பெற்றோரிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இன்றைய பொட்டலத்தின் அளவுகள் வகுப்பறைக்கே உரிய கணக்காகும். ஒரு லிட்டருக்குரிய குளுக்கோஸ் 13.5 கிராம்; அதன் மூலக்கூறு எடை 180; ஆகவே 75 மில்லிமோல். சாதாரண உப்பிலும் சிட்ரேட் உப்பிலும் உள்ள சோடியத்தைக் கூட்டினால் அதுவும் 75 மில்லிமோலே. இச்சமநிலை தற்செயலானதன்று. சர்க்கரை மிகுந்தால், சவ்வூடு பரவல் திசைமாறி, உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துவிடும். உருளைக்கிழங்குத் துண்டொன்றைச் செறிந்த சர்க்கரைக் கரைசலில் இட்டு வைத்தால், அது நீரிழந்து துவள்வதை மாணவர் கண்ணாலேயே காணலாம். இனிப்பு மிகுந்த பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் சொல் இடம்பெறலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டதன் நியாயமும் இதனால் விளங்கும்.

களப்பணியாளருக்கு இத்துணை இரசாயனம் வேண்டுவதில்லை. பொட்டலத்தைக் கொடுக்கத் தெரிந்தால் போதும் என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பங்காவ்னில் கரைசலைப் புகட்டிய உறவினர்கள் சவ்வைப் பற்றி அறிந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் அருகே காரணம் அறிந்த ஒருவர் இருந்தார். ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைப்போரையும், கரைசல் கொடுத்த பின்னரும் பேதி நிற்கவில்லையே என்று அதனை நிறுத்திவிடுவோரையும் களத்தில் சந்திக்க நேரும். கரைசலின் பணி பேதியை உடனே நிறுத்துவதன்று. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே என்று எடுத்துரைக்க, காரணம் அறிந்த பணியாளராலேயே இயலும். பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் தூய நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்னும் அளவை மாற்றாமல் காப்பவரும் அவரே. மனப்பாடமான அளவு மறந்துபோகலாம். காரணத்தோடு கற்றது எளிதில் மறவாது.

ஆகவே ஆசிரியர்கள் நீர், அயனி, சவ்வு, உயிரணு ஆகியவற்றை ஒரே தொடராக, இக்கரைசலை எடுத்துக்காட்டாகக் கொண்டு நடத்துதல் நலம். அங்கன்வாடி ஊழியர்க்கும் ஆஷா பணியாளர்க்கும் அளிக்கப்படும் பயிற்சியிலும் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டா. ஒரு குவளை நீர், சிறிது உப்பு, சிறிது சர்க்கரை, ஓர் உருளைக்கிழங்கு ஆகியவையே போதும்.