கம்பு எடுக்கலாமா, கத்தி எடுக்கலாமா?

"பெண்ணுக்குத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுக்க வேண்டும். வெறுங்கைச் சண்டை மட்டும் போதாது. ஆயுதப் பயிற்சியும் இருக்க வேண்டும். எதில் சேர்க்கலாம்?"

இப்படிக் கேட்கும் பெற்றோர் பலர். கேள்வி நியாயமானதுதான். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண், ஆறடி முரடனைக் கையால் தள்ளிவிடுவது எளிதல்ல. பயிற்சி பெற்ற அவள் கையில் ஒரு கம்பு இருந்தால் கதையே வேறு. கிட்டே நெருங்க அவன் யோசிப்பான். உடல் பலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிக்கட்டுவது ஆயுதம்.

ஆனால் எந்த ஆயுதம்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விளம்பரப் படத்தில் வாள் மின்னுகிறது, சுருள்வாள் சீறுகிறது. பிள்ளை அந்த வகுப்பில்தான் சேருவேன் என்று அடம் பிடிக்கிறது. பெற்றோரும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டுத் தெருவில் தனியாக நடந்து வரும்போது அந்த வாள் எங்கே இருக்கும்? பயிற்சிக் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்!

ஆகவே, ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டக்கூடிய பொருளைக் கையாளக் கற்றுத் தரும் கலையே தற்காப்புக்கு ஏற்றது. குடை, கைத்தடி, துடைப்பக் கட்டை, வேலியில் கிடக்கும் மூங்கில் எல்லாமே கம்பின் உறவினர்கள்தாம். கம்பு பழகிய கைக்கு இவை அனைத்தும் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமும் கம்பின் பக்கமே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், கூர்மையான கொலைக் கருவிகளை ஆயுதம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே பயன்படும் பொருள்களை அதிலிருந்து விலக்குகிறது. அதற்கு அது காட்டும் உதாரணங்களே தடியும், சாதாரணக் கைத்தடியும்தான். இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு நடப்பவர் போலீஸாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குடையோடு போகிறவரை யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலைக் காக்கவும் இந்த உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. தற்காப்புக்கு எவ்வளவு தேவையோ, அதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. விழுந்துவிட்டவனை, அல்லது புறமுதுகிட்டு ஓடுகிறவனை, ஆத்திரம் தீர அடித்தால் அது தற்காப்பு ஆகாது. கம்பை நிறுத்தத் தெரிந்தவருக்கு இந்த எல்லையைக் காப்பது சுலபம். கத்தியில் அந்த நிதானத்துக்கு இடம் குறைவு. ஒரு குத்து குத்திவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது.

மூன்று கலைகள்

நம் நாட்டுச் சிலம்பத்தில் முதலில் கைக்கு வருவது மூங்கில் கம்பு. ஏறக்குறைய நெற்றி உயரத்துக்கு அளந்து வெட்டுவார்கள். மான்கொம்பு, வாள், சுருள்வாள் எல்லாம் கம்பு கைவந்த பிறகுதான். வெறுங்கைக்குக் குத்துவரிசை இருக்கிறது. பெரிய செலவு இல்லை. ஊர் ஊராக ஆசான்கள் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில், சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

கேரளத்துக் களரிப்பயிற்றில் மெய்ப்பயிற்சி முதற்படி. அடுத்து மர ஆயுதம், பிறகு இரும்பு ஆயுதம், கடைசியில் வெறுங்கை. உடம்பைப் பக்குவப்படுத்துவதில் இதற்கு நிகர் குறைவு. வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா, எழுபது வயதைக் கடந்தும் களரியில் இறங்கிச் சுழன்றவர். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் இந்தக் கலைக்குப் பொறுமை வேண்டும். மூன்று மாதத்தில் பலன் கேட்பவர்களுக்கு இது சரிப்படாது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆர்னிஸ் மூன்றாவது. 2009-இல் அந்நாடு சட்டம் இயற்றி இதைத் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தது. சுமார் 28 அங்குலப் பிரம்புதான் இதன் முதல் ஆயுதம். குட்டைக் கம்பாதலால் குறுகலான இடத்திலும் வீசலாம். நம் ஊரில் இதற்கு ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது.

மூன்றிலும் எது பழமையானது என்று வாதாடுவதில் லாபம் இல்லை. நம் ஊரில், நல்ல ஆசானிடம், நடந்து போகும் தூரத்தில் எது கிடைக்கிறதோ அதுவே சிறந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அது சிலம்பமாகவே இருக்கும்.

வகுப்பை எடைபோடுவது எப்படி?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிலம்பத்தில் அலங்கார வீச்சு உண்டு. போர்ச் சிலம்பமும் உண்டு. தீப்பந்தம் கட்டிச் சுற்றினால் கூட்டம் கைதட்டும். பரிசும் கிடைக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அது கண்ணுக்கு விருந்து. ஆனால் காற்றை மட்டுமே அடித்துப் பழகிய கம்பு, எதிரே ஆள் வந்து நின்றதும் தடுமாறும். பயந்த கையிலிருந்து கம்பைப் பிடுங்குவது முரடனுக்குப் பெரிய காரியமல்ல. பிடுங்கிய கம்பு யாரைத் தாக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே சேர்ப்பதற்கு முன் ஆசானிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். மாணவர்கள் ஜோடி சேர்ந்து அடித்தும் தடுத்தும் பழகுகிறார்களா? அப்போது தலைக்கவசம் உண்டா? குட்டைக் கம்பும் குத்துவரிசையும் கற்றுத் தருகிறீர்களா? எப்போது பின்வாங்க வேண்டும் என்று சொல்லித் தருகிறீர்களா?

நான்காவது கேள்விக்குச் சிரிக்கிற ஆசானை விட்டு விலகுங்கள். சிலம்பத்தில் கைக்கு உள்ள மதிப்பு காலுக்கும் உண்டு. எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்பதும், சட்டென்று விலகுவதும், வழி கிடைத்தால் ஓடுவதும் கால் செய்யும் வேலைகள். இரண்டு அடி கொடுத்துவிட்டு வெளிச்சமுள்ள இடத்துக்கு ஓடி வந்து சேருகிற பெண்ணே வெற்றி பெற்றவள். நின்று சண்டையை முடிக்க வேண்டும் என்ற வீம்பு சினிமாவோடு போகட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள சிலம்பக் கூடத்துக்குப் போய், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கம்பு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்க்க வேண்டாம். ஆசான் மாணவர்களின் கால்களைத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். திருத்துகிறார் என்றால், அன்றே தயங்காமல் சேர்த்துவிடலாம்.