இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன்

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் பற்றையை வெட்டுகிறது, கிணற்றை இறைக்கிறது. அதன்பின், வளவின் மூலையில் துருவேறிக் கிடக்கும் உழவு இயந்திரத்தையோ ஜீப்பையோ பழைய இரும்பு வியாபாரி கிலோக் கணக்கில் நிறுத்துக்கொண்டு போகிறார். கூரைத் தகரத்துக்கும் விதைநெல்லுக்கும் அந்தக் காசு உதவுகிறது. விற்கவே கூடாது என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு வண்டியை நிறைக்கு விற்பதற்கு முன், அதனுள் இருப்பது என்ன என்று பார்த்துவிட்டு விற்கவேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

பழைய லாண்ட் றோவர் வண்டியின் ட்ரான்ஸ்பர் பொக்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாரியில் வயற்பாதை சேறாகும்போது நெல் மூட்டைகளையும் நோயாளரையும் வெளியே கொண்டுவர, நான்கு சில்லும் இழுக்கும் இவ்வகை வண்டிகளே கைகொடுக்கின்றன. எஞ்சினின் விசை கியர்பொக்ஸைத் தாண்டி இந்தப் பெட்டிக்குள் வந்துதான் பின் சில்லுகளுக்கும், தேவையானபோது முன் சில்லுகளுக்கும் போகிறது. மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சில்லும் இழுக்கும். சிவப்புத் தடியைப் பின்னே இழுத்தால் வேகம் குறைந்து இழுவை கூடும். இப்பெட்டி உடைந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தும் வண்டி நகராது.

எமது சமூகப்பணி நிலையத்து வண்டியின் பெட்டி, உடைந்த இரண்டு பெட்டிகளிலிருந்து மீளக் கட்டப்பட்டது. எது உதவும், எது உதவாது என்பதை அந்த வேலை நன்றாகவே காட்டியது. வெளி வார்ப்பு வெடிக்காமல் இருந்தால் அதுவே முதற் செல்வம். பற்கள் மழுங்காமலும் அவற்றின் முகத்தில் குழி விழாமலும் இருக்கும் கியர்கள் இன்னும் பல வருடம் ஓடும். நடுக் கியர் சுழலும் சாப்ட்டை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடக்கினால் அதை ஒதுக்கிவிடுங்கள். பெயாரிங்கையும் ஒயில் சீலையும் மட்டும் பழையதில் தேடவேண்டாம். இவ்வண்டியின் கைப்பிறேக் இப்பெட்டியின் பின்புறத்திலேயே இருக்கிறது. பின் சீல் ஒழுகினால் ஒயில் நேரே பிறேக்குக்குள் போகும். சீல் காசை மிச்சம் பிடித்துவிட்டு, குளக்கட்டுச் சரிவில் வண்டியை நிறுத்த முடியாமல் தவிப்பது சிக்கனமல்ல.

உருவத்தில் ஒத்திருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். முந்திய வண்டிகளின் பெட்டியில் தாழ்ந்த வேகம் ஏறத்தாழ 2.9க்கு 1. பிந்தியவற்றில் அது 2.35க்கு 1. ஒன்றின் நடுக் கியரை மற்றதன் கியர்களோடு சேர்த்தால் பொருந்தாது. ஆகவே கியர்களைக் கூட்டாகவே எடுக்கவேண்டும். பற்களை எண்ணவும் வேண்டும். நடுக் கியருக்கும் அதன் பக்க வாசருக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளி 0.10 முதல் 0.20 மில்லிமீற்றர் வரை. வெளிச் சாப்ட்டில் நூலைச் சுற்றி வில்தராசால் இழுத்துப் பார்த்து, இழுவை 2 முதல் 4 றாத்தலுக்குள் நிற்கும்படி சிம் தகடுகளைக் கூட்டிக் குறைப்பர். "கை சொல்லும்" என்று அளக்காமல் பூட்டுகிறவர்களும் உண்டு. அவர்களின் அனுபவத்தை மதிக்கிறோம். ஆனாலும் அளந்து பூட்டும் இளைஞரிடமே எமது வண்டியைக் கொடுப்போம்.

கட்டிய பெட்டியைக் காப்பதும் ஓட்டுபவரின் கையில்தான் இருக்கிறது. தார் வீதியில் முன் சில்லைப் பூட்டி ஓடவேண்டாம். வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சில்லு சறுக்கிச் சரிக்கட்டும். தாரில் அந்த முறுக்கு முழுவதையும் பெட்டியே தாங்கும்.

இத்தகைய வேலை எமது மக்களுக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டியவர்கள் இவர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை வழமைக்கு வரவில்லை. அக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியதையும் கண்டோம். இவ்வளவு இருந்தும், புதிய வண்டிக்குப் பணம் ஒதுக்கும் திட்டங்களில் பெயாரிங்குக்கோ, திருத்தப் பழகும் இளைஞரின் பயிற்சிக்கோ ஒரு வரி இருப்பது அரிது. திருச்சபையின் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. திறப்பு விழாவில் புதிய வண்டிக்கு மாலை போடலாம்; திருத்திய பெட்டிக்கு யார் போடுவார்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எமது பகுதிகளில் கிடக்கும் பழைய இரும்பு வெறும் இரும்பல்ல. 2009இல் குடும்பங்கள் உடைமைகளை ஏற்றிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய், அங்கே விட்டு வந்த வண்டிகளும் உழவு இயந்திரங்களும் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அவர்களுள் சிலர் இன்றில்லை; சிலர் காணாமல் ஆக்கப்பட்டுவிட்டனர். பதிவுப் புத்தகம் மட்டும் மனைவியின் பெட்டியில் இருக்கிறது. அப்படியான வண்டியிலிருந்து ஒரு கியரை எடுப்பதாயினும் அக்குடும்பத்தைக் கேட்டு, விலை பேசி எடுப்பதே நீதி. "கிடந்ததை எடுத்தோம்" என்ற பேச்சை நாம் ஏற்கமாட்டோம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத இடத்தில் கிடக்கும் வண்டியை, அது யாருடையதாயினும், தொடவே வேண்டாம். இரும்பு தேடப்போய்க் காலிழந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

கமக்காரர் அமைப்புகளிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. நெற்களஞ்சியத்தின் ஒரு பக்கத்தில் மழை படாத பத்தி ஒன்றை ஒதுக்குங்கள். விற்க நினைப்பவர் வண்டியை முதலில் அங்கே கொண்டுவரட்டும். கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பொக்ஸ், அச்சுகள் ஆகியவற்றைக் கழற்றி, கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, மிச்சத்தை இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம். வைத்த பாகம் பின்னர் விலைப்பட்டால் பணம் உரிமையாளருக்குப் போகவேண்டும். இதற்கு ஒரு கொப்பி போதும். யாருடைய வண்டி, சேசிஸ் இலக்கம் என்ன, எந்தப் பாகம், யார் எப்போது எடுத்தார் என்று அதில் எழுதுங்கள். கியராக இருந்தால் பற்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.